உங்கள் காருக்குக் காய்ச்சலா? வீட்டிலேயே பார்க்கலாம் வைத்தியம்!

குழந்தையின் நெற்றியில் கை வைத்த மாத்திரத்திலேயே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடும் தாய்மார்கள் நம்மிடையே ஏராளம். ஆனால், வாசலில் நிற்கும் காருக்குக் காய்ச்சல் கண்டால் மட்டும் நாம் கவனிப்பதில்லை. உஷ்ணம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு, முன்பக்கமிருந்து ஆவி கிளம்பி, நடுச் சாலையில் வண்டி நின்ற பிறகுதான் 'ஐயோ' என்கிறோம். அதற்குள் சில பத்து வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஒரு மாதச் சம்பளத்தையே கேட்கும் வேலையாகி விடுகிறது.

கூலிம், லூனாஸ், பாடாங் செராய், காராங்கான், மாஹாங் வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தோட்டத்தில் இருந்தவரை வேலைக்குப் போகக் கார் யாருக்கு வேண்டும்? விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு நடந்தால் நிரை வந்துவிடும். மிஞ்சிப் போனால் ஒரு சைக்கிள். அந்தக் காலம் மாறிவிட்டது. 1996இல் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா அது. அதே ஆண்டில் பட்டர்வொர்த் – கூலிம் நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டது. பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் வெள்ளை உடையும் முகமூடியும் அணிந்து 'சிப்' செய்யப் போனார்கள். வீடு ஓரிடம், வேலை ஓரிடம் என்றாயிற்று. தொழிற்சாலைப் பேருந்து எல்லாத் தாமான்களுக்கும் எல்லாத் தோட்டங்களுக்கும் வருமா? ஆகவே, பழையதானாலும் ஒரு கார் என்பது ஆடம்பரமாக இல்லாமல் அரிசி பருப்பைப் போல் அவசியமாகி விட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பூங்காவில் 2006 முதல் இயங்கும் இன்ஃபினியோன் ஆலையில் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் சிப்புகள் தயாராகின்றன. 2024 ஆகஸ்டில் அங்கே சிலிக்கன் கார்பைடு சிப்புகளுக்கான புதிய ஆலையின் முதற்கட்டமும் திறக்கப்பட்டது. மின்சாரக் கார்களுக்குத் தேவையானவை அவை. உலகத்துப் புதுக் கார்களுக்கு மூளையும் நரம்பும் செய்து கொடுக்கும் கைகள், மாலையில் வீடு திரும்பப் பழைய புரோட்டோன் சாகாவையோ கன்சிலையோதான் கிளப்புகின்றன! அந்தப் பழைய வண்டியில் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்துவது சிப் அன்று; ஒரு துளி மெழுகு. அந்த மெழுகின் கதையையும், அது கெட்டுப்போனால் வீட்டிலேயே மாற்றும் முறையையும்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தெர்மோஸ்டாட் என்பது என்ன?

நாம் ஊற்றும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் உஷ்ணமாகிறது. ஒரு பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறும். இன்னொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு, முன்னாலுள்ள ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறித் திரும்பி வரும்.

இந்தத் தண்ணீர்ப் பாதையில் ஒரு காவற்காரன் நிற்கிறான். அவன்தான் தெர்மோஸ்டாட். காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் அவன் கதவைச் சாத்திக்கொள்கிறான். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுகிறது. எஞ்சின் சீக்கிரம் சூடேறுகிறது. தண்ணீர் 80 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் கதவு மெல்லத் திறக்கிறது. சூடு இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுவதும் திறந்து விடுகிறது. திறக்கும் உஷ்ணம் காருக்குக் கார் மாறும். 76, 82, 88 என்று தெர்மோஸ்டாட்டின் மேலேயே எண் பொறித்திருப்பார்கள்.

மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. கதவு எப்படித் தானாகத் திறக்கிறது? உள்ளே ஒரு சிறிய பித்தளைக் குப்பி. அதில் மெழுகு அடைத்திருக்கிறது. நடுவே ஓர் ஊசி. அதைச் சுற்றி ரப்பர் உறை. மெழுகு உருகும்போது பருக்கிறது, ரப்பரை நெருக்குகிறது, ரப்பர் ஊசியை வெளியே தள்ளுகிறது, கதவு திறக்கிறது. தண்ணீர் ஆறினால் மெழுகு இறுகும். வில்சுருள் கதவை இழுத்து மூடும். அவ்வளவுதான் விஷயம்! அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இன்றைக்கும் கோடிக்கணக்கான கார்களில் இதுதான் இருக்கிறது.

உஷ்ணம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் யோசனை அதனினும் பழையது. டிரெபெல் என்ற டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்காக இப்படியொரு சாதனத்தைச் செய்தார். முட்டைக்கும் சரி, எஞ்சினுக்கும் சரி, சூடு கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல்.

'நம் நாட்டுக்கு அது வேண்டாம்' என்பது சரியா?

"அது பனி கொட்டும் நாட்டுக்காரனுக்கு. நமக்கெதற்கு? கழற்றி எறிந்துவிடு, தண்ணீர் தாராளமாக ஓடும்" என்று சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சில பட்டறைகளில் கேட்காமலேயே கழற்றிவிட்டு, வெறும் மூடியை மாட்டி அனுப்புவதும் உண்டு. வாசக அன்பர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கூலிமில் நடுப்பகல் வெயில் 33 டிகிரி இருக்கலாம். நமக்கு அது கொதிக்கிற வெயில். ஆனால், 85 அல்லது 90 டிகிரியில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்ட எஞ்சினுக்கு 33 டிகிரி குளிர்தான். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின், நெடுஞ்சாலையில் காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது சரியான சூட்டுக்கு வருவதே இல்லை. அதனால் வரும் தீமைகள் மூன்று.

முதலாவது, பெட்ரோல் அதிகம் குடிக்கும். பெட்ரோலைக் கணினி அளந்து விடுகிற கார்களில், 'எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது' என்று எண்ணி அது கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது, எண்ணெயில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல், எண்ணெய் சேறாகித் தேய்மானம் கூடும். மூன்றாவது தீமையைப் பலர் அறியமாட்டார்கள். சில எஞ்சின்களில், தெர்மோஸ்டாட்டின் பின்புறத் தட்டுதான் குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிக்கொண்டிருக்கும். குளிரட்டும் என்று கழற்றியது, மேட்டில் ஏறும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் கொதிப்பில் கொண்டுபோய் விடும்!

வழியில் அகப்பட்டுக்கொண்டு, வீடு வந்து சேர்வதற்காக ஒரு நாள் கழற்றி வைப்பது வேறு. அதையே பழக்கமாக்குவது நல்லதன்று.

நோயின் அறிகுறிகள்

தெர்மோஸ்டாட் இரண்டு விதமாகக் கெடும்.

*மூடியபடியே சிக்கிக்கொள்வது.* இதுதான் ஆபத்தானது. காரை எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்திற்குள் முள் விறுவிறு என்று ஏறும். ஆனால் ரேடியேட்டரோ அவ்வளவு சூடாக இராது. எஞ்சின் கொதிக்க, ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே கதவு திறக்கவில்லை என்றுதானே பொருள்?

*திறந்தபடியே நின்றுவிடுவது.* இது மெல்லக் கொல்லும் நோய். முள் எப்போதும் அடியிலேயே கிடக்கும். வேகமாக ஓட்டினால் இன்னும் இறங்கும். பெட்ரோல் செலவு கூடும். புதிய கார்களில் எஞ்சின் விளக்கு எரியலாம்.

ஆனால் காய்ச்சல் எல்லாம் மலேரியா ஆகிவிடுமா? கார் கொதித்தால் உடனே தெர்மோஸ்டாட் மேல் பழி போடாதீர்கள். எது மலிவோ அதை முதலில் பாருங்கள். தண்ணீர் குறைந்திருக்கிறதா? குழாயில் கசிவு உண்டா? ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா? தண்ணீர்ப் பம்பைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா? அந்தச் சின்ன மூடிதான் உள்ளே அழுத்தத்தைக் காத்து, தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை தாங்கும்படி செய்கிறது. இவையெல்லாம் சரியாக இருந்தால், அப்புறம் தெர்மோஸ்டாட்டுக்கு வருவோம்.

வழியில் முள் ஏறினால்

இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் முள் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'இன்னும் இரண்டு கட்டைதானே, ஓட்டிவிடலாம்' என்று மனம் சொல்லும். தாமதமானால் வருகைப்படி போய்விடுமே என்ற பயமும் இருக்கும். ஆனால், அந்த இரண்டு கட்டைதான் எஞ்சினைத் தின்றுவிடும். அலுமினியத்தால் ஆன எஞ்சின் தலைப்பகுதி அதிக உஷ்ணத்தில் வளைந்துவிடும். அதன் அடியிலுள்ள கேஸ்கட் எரியும். பிறகு தலையைக் கழற்றி, தளம் சீவி, திரும்பப் பூட்ட ஆகும் கூலியும் சாமானும் ஆயிரம் வெள்ளியை எட்டினாலும் ஆச்சரியமில்லை. 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வருகைப்படி போனால் போகட்டும்.

ஆகவே, குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டு ஓரங்கட்டுங்கள். எஞ்சினை அணையுங்கள். நெடுஞ்சாலையாக இருந்தால், எல்லாரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். காரின் பின்னால் நிற்காதீர்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை: *சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.* அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்திலும் மார்பிலும் பீறிட்டு அடிக்கும். கையில் துணி சுற்றிக்கொண்டு திறந்தாலும் கூடாது. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. சூடான இரும்பும் அலுமினியமும் விரிசல் கண்டுவிடும். பொறுத்திருங்கள். பதறாத காரியம் சிதறாது.

யாருக்காவது சுட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் ஓட விடுங்கள். பற்பசை, கிச்சாப், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கண், பெரிய காயம் என்றால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைக்குப் போகும் முன்

காரின் பெயர், ஆண்டு, எஞ்சின் வகை மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். 1985இல் வந்த முதல் சாகாவுக்கும், 1994இல் வந்த கன்சிலுக்கும், 2005இல் வந்த மைவிக்கும் ஒரே தெர்மோஸ்டாட் பொருந்தாது. 'சாகா' என்ற ஒரே பெயரில் வந்த கார்களிலேயே எஞ்சின் வேறுபடும். பழையதைக் கழற்றியிருந்தால் அதையே கொண்டுபோய்க் காட்டுவது உத்தமம். குறுக்களவும், பொறித்திருக்கும் டிகிரியும் ஒத்துப்போக வேண்டும். 'குளிராக ஓடட்டும்' என்று குறைந்த டிகிரி வாங்காதீர்கள். காரைச் செய்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள்.

பழைய காரை வெட்டி விற்கும் கடையில் தெர்மோஸ்டாட் வாங்க வேண்டாம். கதவுக்கும் விளக்குக்கும் அந்தக் கடை சரி, மெழுகுக்கு வயதாகும்.

வாங்க வேண்டியவை: புதுத் தெர்மோஸ்டாட், அதற்குரிய கேஸ்கட் அல்லது ரப்பர் வளையம், காருக்கு ஏற்ற கூலண்ட், அதில் கலக்கச் சுத்திகரித்த தண்ணீர். கையில் இருக்க வேண்டியவை: 10, 12 மில்லிமீட்டர் ஸ்பானர்கள், இடுக்கி, ஒரு பேசின், பழந்துணி, பிளாஸ்டிக் சுரண்டி.

குழாய் ஊறிப்போய் மெத்தென்று இருந்தாலும், வெடிப்புக் கண்டிருந்தாலும் கையோடு அதையும் மாற்றிவிடுங்கள். மரத்துப் பாலில் செய்த ரப்பர்தானே என்று நினைக்க வேண்டாம். இயற்கை ரப்பர் இந்தச் சூட்டை வெகுநாள் தாங்காது. ஆகவே, ரேடியேட்டர் குழாய்களைப் பெரும்பாலும் செயற்கை ரப்பரில்தான் செய்கிறார்கள்.

பானைச் சோதனை

புதியதோ பழையதோ, பூட்டும் முன் சோதித்துப் பாருங்கள். சமையலுக்கு உதவாத ஒரு பழைய பானையில் தண்ணீர் வையுங்கள். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். உஷ்ணமானி இருந்தால், பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் கதவு திறக்கத் தொடங்குவதைக் காணலாம். உஷ்ணமானி இல்லையா? தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கதவு நன்றாகத் திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆற விட்டால் முழுவதும் மூட வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பள்ளிப் புத்தகத்தில் 'பொருள்கள் சூட்டில் விரியும்' என்று மனப்பாடம் செய்வதைக் கண்ணால் பார்க்கட்டும். பழைய தெர்மோஸ்டாட்டைச் சோதித்த பானையில் மறுபடி சமைக்கக் கூடாது, கூலண்ட் விஷம்.

மாற்றும் முறை

1. கார் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய காரைக் காலையில் தொடுவது நல்லது. சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போடுங்கள். சில கார்களில் எஞ்சின் அணைந்திருந்தாலும் மின்விசிறி திடீரென்று சுற்றும். ஆகவே, பாட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றி வையுங்கள்.

2. ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். கீழே பேசினை வைத்து, அடியிலுள்ள திருகைத் தளர்த்தி இரண்டு லிட்டர் அளவு தண்ணீரை இறக்குங்கள். முழுவதும் வேண்டியதில்லை, தெர்மோஸ்டாட் இருக்கும் மட்டத்திற்குக் கீழே இறங்கினால் போதும். பிளாஸ்டிக் திருகு வயதாகியிருந்தால் உடையக்கூடும். முரட்டுத்தனம் காட்ட வேண்டாம்.

3. பெரும்பாலான பழைய கார்களில், ரேடியேட்டரின் மேல் குழாய் எஞ்சினைச் சேரும் இடத்தில் ஒரு சிறிய உலோக மூடி இருக்கும். அதற்குள்தான் தெர்மோஸ்டாட். சில கார்களில் அது கீழ்க் குழாய்ப் பக்கம் இருக்கும். குழாயின் வளையத்தை இடுக்கியால் நகர்த்தி, குழாயை இடமும் வலமும் மெல்லத் திருகி உருவுங்கள்.

4. மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது மூன்று போல்ட்டுகளைக் கழற்றுங்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால், துரு நீக்கும் எண்ணெய் அடித்து அரை மணி நேரம் காத்திருங்கள். வலு கொடுத்து முறித்துவிட்டால் பத்து நிமிட வேலை பட்டறை வேலையாகி விடும்.

5. பழையதை எடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். பொதுவாக, வில்சுருளும் மெழுகுக் குப்பியும் எஞ்சின் பக்கம் பார்த்திருக்கும். தலைகீழாகப் பூட்டினால் கதவு சரியான நேரத்தில் திறக்காது. விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் சிறிய ஊசி ஒன்று இருந்தால், அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

6. துளையில் துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டுங்கள். அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது, விழுந்தால் கசியும். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லித் தரவும் வேண்டுமா? சுத்தமானதும் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

7. புதியதை அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து, கேஸ்கட்டை வைத்து, மூடியைப் பொருத்துங்கள். ரப்பர் வளையம் உள்ளதற்குப் பசை வேண்டாம். போல்ட்டுகளை முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். இவை சின்னப் போல்ட்டுகள். ஸ்பானரில் தொங்க வேண்டாம்.

8. குழாயை மாட்டி, வளையத்தைப் பழைய இடத்தில் நிறுத்துங்கள். அடித் திருகை மூடுங்கள். பாட்டரியை இணையுங்கள்.

காற்று போனால்தான் காரியம் முடியும்

பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். புதுத் தெர்மோஸ்டாட் போட்டும் கார் கொதிக்கிறது என்றால், உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். மெழுகுக் குப்பியைச் சுடுதண்ணீர் தொடாமல் காற்று சூழ்ந்திருந்தால் கதவு எப்படித் திறக்கும்?

கூலண்டையும் சுத்திகரித்த தண்ணீரையும் டப்பாவில் சொன்ன அளவில் கலந்து, மெதுவாக ஊற்றுங்கள். கலந்தே விற்பதும் உண்டு. அதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். 'இங்கே பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு?' என்று கேட்கலாம். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. வெறும் குழாய்த் தண்ணீர் நாளடைவில் துருவும் படிவும் உண்டாக்கி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

ரேடியேட்டரிலேயே மூடி உள்ள கார்களில், மூடியைத் திறந்தபடி எஞ்சினைக் கிளப்பிச் சும்மா ஓட விடுங்கள். குமிழிகள் வரும், மட்டம் இறங்கும், ஊற்றி நிரப்புங்கள். கதவு திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்குவதைக் காண்பீர்கள். அதுதான் நல்ல சகுனம்! குமிழி நின்றதும் நிரப்பி மூடுங்கள். மூடிய பிறகு விசிறி சுற்றி நிற்கும் வரை முள்ளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முகத்தைத் துளைக்கு நேரே நீட்டாதீர்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சட்டை, கூந்தல் எதுவும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகக் கூடாது. அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரைக் குடிக்கும். காற்று நீக்கத் தனித் திருகு வைத்திருக்கும் கார்களும் உண்டு. காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

பின்னர் தாமானுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முள் நடுவில் வந்து அசையாமல் நின்றால் வெற்றி. மறுநாள் காலையில் கார் ஆறியபின் தண்ணீர் மட்டத்தையும் கசிவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பிறகே தூரப் பயணம் போங்கள்.

பேசினில் இறக்கிய பழைய கூலண்டைக் கால்வாயிலோ வீட்டு ஓரத்திலோ ஊற்றாதீர்கள். அதில் இனிப்பு உண்டு. நாயும் ஆடும் மாடும் நக்கும். நக்கினால் சிறுநீரகம் கெட்டு மடியும். சிறு பிள்ளைகளுக்கும் அதே ஆபத்துதான். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, பெயர் எழுதி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

எல்லாக் காரும் வீட்டு வாசலில் சரி செய்யக் கூடியவை அல்ல. தெர்மோஸ்டாட் வேறு பாகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலோ, மின்சாரக் கம்பி இணைந்த புது வகையாக இருந்தாலோ பட்டறைக்கே போங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடை போல் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? சூடான பிறகும் பின்னால் வெண்புகை ஓயாமல் வருகிறதா? தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறதா? ரேடியேட்டரில் குமிழி நிற்கவே இல்லையா? இவை தலைக் கேஸ்கட் போனதன் அடையாளமாக இருக்கலாம். தெர்மோஸ்டாட் மாற்றி இது தீராது. காரை ஓட்டாமல் அனுபவமுள்ள போர்மனைக் கூப்பிடுங்கள்.

பட்டறைக்குப் போனாலும் இந்தக் கட்டுரை வீணாகாது. 'தெர்மோஸ்டாட்டைச் சோதித்தீர்களா? பழைய சாமானைக் காட்டுங்கள். கழற்றிவிட வேண்டாம், புதியதே போடுங்கள்' என்று நான்கு வார்த்தை விவரமாகப் பேசுகிறவரின் வேலை தனிக் கவனத்தோடு நடக்கும்.

இது ஆண்கள் வேலை என்று தாய்மார்களும் சகோதரிகளும் ஒதுங்க வேண்டாம். ஹைடெக் பூங்காவில், கண்ணுக்குத் தெரியாத தூசிகூட விழக்கூடாத அறைக்குள் நின்று வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை பேர்! அந்தக் கவனத்திற்கு இரண்டு போல்ட்டும் ஒரு வளையமும் பெரிய காரியமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஸ்பானர் பிடிக்க, மகள் படம் பிடிக்க, அம்மா பானைச் சோதனை பார்க்க, குடும்பமே கூடிச் செய்யலாம்.

இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். காலையில் காரைக் கிளப்பும் முன் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். ஓட்டும்போது உங்கள் காரின் முள் வழக்கமாக எங்கே நிற்கிறது என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சில புதிய கார்களில் முள்ளுக்குப் பதில் விளக்குதான் இருக்கும். நீலம் குளிர், சிவப்பு ஆபத்து. வழக்கமான இடம் தெரிந்தால்தானே மாறும்போது தெரியும்? அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. மிச்சமாவதோ உங்கள் உழைப்பின் ஒரு மாதச் சம்பளம்.